டாக்டர் சொன்ன ரெஸ்ட்

குழந்தை தூங்கியபோதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நோய் அப்படித்தான் ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் கெடுவது ஊரறிந்த விஷயம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். ஆனால் எனக்குக் கெட்டது வேறு மாதிரி. நிவேதா பால் குடித்துவிட்டு அயர்ந்து தூங்குவாள். நான் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு, அவள் மூச்சு எப்போது நின்றுபோகும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பகலில் சோறு மண்ணாக இருந்தது. குளிக்கப் போனால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன்.

அது 2006. கடலூர் முதுநகரில் வீடு. கணவர் செல்வத்துக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் ஏழு மாதமாக இருந்தபோது என் அம்மா இறந்துபோனார். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய், பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் திரும்பி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு வளைகாப்பும் இல்லை, போக வீடும் இல்லை. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்காக அழவும் விடவில்லை, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம்.

உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ இந்த நோய் வந்தால், "உனக்கு என்ன குறை" என்று கட்டாயம் கேட்பார்கள். எனக்கு என்ன குறை என்று மேலே எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் பதிலுக்காக நிற்கவில்லை.

மனநல மருத்துவரிடம் செல்வம்தான் அழைத்துப் போனார். அந்த வகையில் அவர் நல்லவர். மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொன்னவர்கள் தெருவில் நிறைய இருந்தார்கள். மருத்துவர் என்னிடம் பொறுமையாகக் கேட்டார். பேறுகால மனச்சோர்வு (பிள்ளை பெற்றபின் சில பெண்களுக்கு வரும் மனநோய், திமிரும் அல்ல, பேயும் அல்ல) என்றார். குணமாகக் கூடியது என்றும் சொன்னார். பிறகு என்னைக் குழந்தையோடு வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, செல்வத்தை மட்டும் உள்ளே வைத்துப் பேசினார். வெளியே வந்த செல்வம் ஒரே வரிதான் சொன்னார்.

"உனுக்கு ரெஸ்ட்டு வேணுமாம். நல்லா ரெஸ்ட்டு எடுக்கணுமாம்."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எனக்குச் செய்ததையெல்லாம் அன்பினால்தான் செய்தார்கள். அதுதான் கொடுமை. வெறுப்பாக இருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாம்.

முதலில் அடுப்படி போனது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. பிறகு வாசல் போனது, வெளியே போனால் அலைச்சலாம். பேப்பர் படித்தால் மனசு கெடுமாம். அந்த வாரக் கடைசியில் சிதம்பரத்திலிருந்து செல்வத்தின் அக்கா வந்தார். நான் அவரை அண்ணி என்பேன். தாயில்லாத தம்பியை வளர்த்தவர். அவருக்கு இரண்டு மகன்கள். பெண் குழந்தை இல்லை. வந்தவுடன் நிவேதாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் கூட்டினு போறேன் ராணி. நீ ஒரு கவலையும் இல்லாம ரெஸ்ட்டு எடு. நல்லாயிட்டதும் வந்து வாங்கிக்க."

எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நோயில் வேண்டாம் என்ற சொல் வாய்க்கு வருவதற்கே அரை நாள் ஆகும். அதற்குள் பஸ் போய்விட்டது. நிவேதாவுக்கு அப்போது மூன்று மாதம்.

மறுநாளே பால் கட்டிக்கொண்டது (குடிக்க ஆளில்லாமல் மார்பில் பால் தேங்கிக் கல்லாகிவிடும்). காய்ச்சலும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மல்லிகைப்பூ வாங்கி வந்து, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்ற எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். வற்றியது. வீடெல்லாம் கல்யாண வீடு போல மணக்க, நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மாத்திரை வேலை செய்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், தயவுசெய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சில மாதங்களில் தூக்கம் வந்தது, சோற்றில் உப்பு தெரிந்தது. உப்பு தெரிந்த அன்றே குழந்தையைக் கேட்டேன். முதலில் முழுசாக நல்லாகட்டும் என்றார்கள். கேட்டுக் கேட்டு அழுதேன். அழுவதைப் பார்த்து, இன்னும் நல்லாகவில்லை என்றார்கள். அழாமல் அடக்கிக்கொண்டு கேட்டால், பெற்றவளுக்குப் பாசமே இல்லை, இவளை நம்பி எப்படி விடுவது என்றார்கள். அழுதால் நோய், அழாவிட்டால் கல்நெஞ்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க எனக்கு இடமே இல்லை. உண்மையிலேயே மீள்தாக்கம் (தணிந்த நோய் மறுபடி தலைதூக்குவது) வந்தது. பார்த்தாயா என்றார்கள்.

நிவேதாவுக்கு இரண்டு வயது நெருங்கும்போது பொங்கலுக்குச் சிதம்பரம் போனோம். எங்களைக் கண்டதும் அண்ணியின் பையன்கள், "அத்தை வந்துட்டாங்க, மாமா வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு நான் தாய்மாமன் மனைவி, அதனால் அத்தை. அண்ணியின் இடுப்பில் இருந்த நிவேதா அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத்தே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். செல்வமும் சிரித்தார், அடுத்ததாக அவள் அவரை மாமா என்று கூப்பிடும் வரை. பிள்ளை மேல் தப்பில்லை. வீட்டில் எல்லோரும் கூப்பிடுவதைப் பார்த்துத்தான் எந்தப் பிள்ளையும் முறை கற்றுக்கொள்கிறது. பையன்கள் யாரை அம்மா என்றார்களோ அவரைத்தான் அவளும் அம்மா என்றாள்.

அதற்குப் பின் ஒருமுறை செல்வத்துக்கு ஷிப்ட் மாறியதால், மருத்துவரைப் பார்க்கத் தனியாகப் போனேன். அதுவரை ஒவ்வொரு முறையும் செல்வம்தான் பேசுவார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறது சார் என்பார். அது பொய்யும் இல்லை. அன்று என்னிடம் கேட்டபோது, சிதம்பரத்தில் இருக்கிறாள் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று மாதக் குழந்தையிலிருந்து என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ராத்திரிக்கு மட்டும்தாம்மா வேற யாராச்சும் பாத்துக்கச் சொன்னேன். நீங்க தூங்கணும்கறதுக்காக. பகல்ல குழந்தை உங்ககிட்டதான் இருக்கணும்னும் சொன்னேனே."

வீட்டுக்கு வந்து செல்வத்திடம் கேட்டேன். 

"அவரு நெறைய சொன்னாரு ராணி. எனுக்கு ரெஸ்ட்டுங்கறதுதான் காதுல வுழுந்துச்சு."

அவரை நான் மன்னிக்கவில்லை. இன்றும் அவருக்குச் சோறு போடுகிறேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறேன், மன்னிக்கவில்லை. மன்னித்தால்தான் நோய் முழுசாகப் போகும் என்று சிலர் புத்தி சொல்வார்கள். எனக்கு மன்னிக்காமலே போனது.

மருத்துவர் செல்வத்தை வரவழைத்துக் கண்டித்தார். அதன் பிறகும் இழுத்தடித்தார்கள். பால்வாடிக்குப் போகிறாள், எல்.கே.ஜி. பாதியில் நிற்கிறது, அண்ணிக்கு ரத்தக்கொதிப்பு ஜாஸ்தியாகிவிட்டது. 2011 கோடை விடுமுறையில்தான் நிவேதா ஒரு பையோடு முதுநகர் வந்தாள். ஜூனில் இங்கேயே பள்ளிக்கூடம் என்று பேசி முடித்திருந்தோம்.

முதல் சில நாட்கள் விருந்தாளி போல் ஒழுங்காக இருந்தாள். பிறகு தட்டில் சோறு மிஞ்சத் தொடங்கியது. விடியும் முன்பே எழுந்து பாயில் உட்கார்ந்திருப்பாள். ஏண்டா கண்ணு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல அத்தை" என்பாள். முரண்டு பிடிக்கவில்லை, அடம்பிடித்து அழவுமில்லை. அழுதிருந்தால் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். அந்த "ஒண்ணுமில்ல"வை நானே வருடக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது ஐந்து வயதுக் குழந்தை வாயில் அதைக் கேட்டேன்.

செல்வத்திடம் சொன்னேன். அவர் பயப்படவே இல்லை.

"புது எடம் இல்ல, பழகிடும். கொஞ்ச நாளு ரெஸ்ட்டு எடுத்தா சரியாயிடும்."

அன்றைக்கே அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தேன்.  அன்று அவளை என்னிடமிருந்து பிரித்தவர்கள் மற்றவர்கள். ஆனால் இப்போது, அவள் தாயாக அறிந்தவரிடமிருந்து அவளைப் பிரித்து வைத்திருந்தவள் நான்தான். இதை யோசிக்கும் அளவுக்கு எனக்கு நோய் குணமாகியிருந்தது. குணமாகாமலே இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

சிதம்பரத்தில் அண்ணி கதவைத் திறந்ததும் நிவேதா அவர் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணிதான் அழுதார்.

"உன்ன அம்மானு கூப்புடச் சொல்லித் தரேன் ராணி. நான் சொன்னா கேப்பா."

வேண்டாம் அண்ணி என்றேன். இந்த முறை அந்தச் சொல் உடனே வந்தது.

இப்போது மாத்திரை இல்லை. கல்யாணத்துக்கு முன்பு போலவே மறுபடி ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். மருத்துவர் உங்கள் வீட்டாரிடம் என்ன சொன்னார் என்பதை நீங்களே உள்ளே போய், ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உதவி என்ற பெயரில் யார் எதை எடுத்துப் போனாலும், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அப்போதே கேளுங்கள்.

நிவேதாவுக்கு இப்போது ஏழு வயது. சனிக்கிழமைதோறும் சிதம்பரம் போகிறேன். என் உடம்பு மட்டும் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அவள் ஓடி வரும்போது என் கைகள் மூன்று மாதக் குழந்தையின் கனத்துக்குத்தான் தயாராகின்றன. தூக்கியதும் தடுமாறுகிறேன். ஒவ்வொரு வாரமும் தடுமாறுகிறேன், ஆனாலும் கைகள் திருந்தவில்லை.

போன வாரமும் தூக்கினேன். நெளிந்து இறங்கப் பார்த்தாள்.

"நான் பெரிய பொண்ணு அத்தை. இனிமே தூக்கக் கூடாது."

சரி என்று இறக்கிவிட்டேன்.