ஓப்பநாயக்கவுக்கு ஒரு கொழுப்புப் பயணம்

இந்த வருடத் தொடக்கத்தில் என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. வயது முப்பத்தெட்டு. சிகரெட் கிடையாது, தொந்தி கிடையாது. கொழும்பு ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் சின்னக் கம்பிவலை ஒன்றை வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அங்கே பரம்பரைக் கொலஸ்ட்ரோலை ஆராய்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். அண்ணனின் ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, அப்பா எந்த வயதில் இறந்தார் என்று கேட்டார். நாற்பத்தொன்றில், மலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே. உடனே எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். நான் தப்பித்தேன்.

"அப்பாவின் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?"

சித்தப்பா இருக்கிறார் என்றேன். ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. தன் குழு அந்த வாரம் இரத்தினபுரியில் ரத்தம் எடுப்பதாகவும், அவரையும் பிள்ளைகளையும் எப்படியாவது அங்கே கூட்டிவரும்படியும் டாக்டர் சொன்னார். நான் புறப்படுவதற்கு முன் நோயின் அடையாளம் வேறு சொல்லித் தந்தார். சிலருக்குக் கண் இமையில் மஞ்சள் படை இருக்குமாம். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பு இன்னும் தடித்திருக்குமாம்.

காலை ஆறு மணிக்குக் கொழும்புக் கோட்டையில் பலாங்கொடை பஸ் பிடித்தேன். ஓப்பநாயக்க ஏறக்குறைய நூற்றுமுப்பது கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. நேரம் ஐந்து மணித்தியாலம். அவிசாவளை வரை தூங்கலாம். அதற்குப் பிறகு வளைவுகள் தூங்க விடாது. நான் அதற்கு முன்பும் தூங்கவில்லை, பஸ்ஸில் ஏறுகிறவர்களின் குதிகாலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எஹெலியகொடையில் ஏறிய ஒரு அம்மா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

ஓப்பநாயக்க சந்தியிலிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், த்ரீவீலுக்கு எழுநூறு ரூபாய். ஓட்டி வந்த சுனில் சித்தப்பாவுக்கு நல்ல பழக்கம். "அங்கள் வீட்டுக்கா? என்ன விசேஷம்?" என்று சிங்களம் பாதி தமிழ் பாதியாகக் கேட்டார். ரத்தம் எடுக்க வந்தேன் என்று சொல்லியிருக்கக் கூடாது. தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

சித்தப்பா வாசலில் நின்றார். ஆள் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதிரி, எலும்பும் நரம்பும்தான். குதிகாலைப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

"நல்லா இரும்மா," என்று தலையில் கை வைத்தார்.

பின்பக்கம் போய் இன்னொரு தடவை குனிந்தேன். "போதும்மா, எத்தன தடவ விழுவ?" என்றார். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவருக்கு. கொழும்புக்குப் போயும் பிள்ளை மரியாதையை மறக்கவில்லை என்று சித்தியிடம் சொன்னார். எனக்குக் குதிகால் சரியாகத் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைத் தொடங்கினேன். தொடங்கிய விதம்தான் தப்பு.

"சித்தப்பா, நம்ம குடும்பத்துக்கே கொழுப்பு அதிகமாம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு சொன்னது?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்? எங்க வந்து பாத்தாரு எங்க கொழுப்ப?"

"அட, ஒடம்புல உள்ள கொழுப்பச் சொல்லுதுங்க அந்தப் புள்ள," என்று சித்தி இடையில் வந்தார். சித்தப்பா சட்டையைத் தூக்கி விலா எலும்பைக் காட்டினார். "எங்க இருக்கு? எண்ணிப் பாத்துக்க. அப்படியே இருந்தாலும் அது உங்க சித்திக்குத்தான். அவளக் கூட்டிட்டுப் போ."

சித்தி நல்ல பருமன். தனக்குத்தான் இருக்கும் என்று அவருக்கே சந்தேகமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து அதையே சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். கடைசியில் அவர்களின் ஒரே பிள்ளை கலாதான் காரியத்தை முடித்தாள். இருபத்துமூன்று வயது, முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். "அப்பா வரலேன்னா நானும் போகல," என்று ஒரே வரியில் சொன்னாள். சித்தப்பா சட்டையை இறக்கிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சுனிலின் த்ரீவீலில் மலையிறங்கி, சந்தியில் பஸ் ஏறி, முப்பது கிலோமீட்டர் தாண்டி இரத்தினபுரிக்கு வந்தோம். வெறும் வயிறாக இருக்கணும் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். ரத்தம் எடுக்கும் இடத்தில் இருந்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லீங்க," என்றார் சித்தப்பா கம்பீரமாக.

"குடிச்சனீங்களோ?"

"தேத்தண்ணி மட்டுந்தாங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "சீனி போட்டோ?"

"சே, சீனி போடவே இல்லீங்க." கொஞ்சம் யோசித்தார். "டின்பால் ஊத்தினதுங்க, அதுவே இனிப்புதானுங்க."

சித்திக்கும் கலாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். சித்தப்பாவை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே வந்தார், தேத்தண்ணியை எந்த ஊரில் சாப்பாடு என்று சொல்கிறார்கள் என்று.

அடுத்த நாள் ஏற்பாடு வேறு மாதிரி. கலா டின்பாலை ஒளித்தாள். சித்தி சுனிலிடம் சிங்களத்தில், "அங்கள்ட்ட தே தென்ன எப்பா!" என்று கட்டளை போட்டார்: யார் கேட்டாலும் அங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கக் கூடாது. சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர் எங்களைத் தூரத்தில் கண்டதும் ஊற்றுவதற்குக் கிளாஸைத் தூக்கிவிட்டார். சுனில் பஸ் நிற்கும் இடம் வரை நிறுத்தாமல் போனார். சித்தப்பா ஊரை விட்டே போகிறவர் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் வரை காத்திருந்து மூன்று பேருடைய முடிவையும் ஒன்றாக வாங்கினோம்.

சித்திக்கு ஒன்றுமில்லை. அவர் நம்பவில்லை. "நல்லாப் பாருங்க டாக்டர், மாறிப்போயிருக்கும்," என்று கெஞ்சினார். மாறவில்லை. சித்தப்பாவுக்கு மிக அதிகம். கலாவுக்கும்.

டாக்டரம்மா மெதுவாக விளக்கினார். கொழுப்பு ரத்தத்தில் தானாகப் போகாதாம். லிப்போபுரதம் என்கிற வண்டியில் ஏறித்தான் போகும். ஈரலில் அந்த வண்டியை உள்ளே எடுக்கிற வாசல்கள் இவர்களுக்குப் பிறப்பிலேயே குறைவு. அதனால் மெலிந்த உடம்பு என்றாலும், தினமும் கீரையே சாப்பிட்டாலும், ரத்தத்தில் தேங்கும்.

"பெக்டரி கேட்ட மூடிட்டா கொழுந்து லொறி ரோட்டுலயே நிக்கும். அதானேங்க?" என்றார் சித்தப்பா.

"ஓம், அதேதான்."

அவர் கலாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அப்ப இவளுக்கு என்கிட்டயிருந்தா வந்துச்சு?"

"ஓம். ஆனா உங்கட அண்ணருக்கு அது தெரியாமலே போச்சு. இவவுக்கு இந்த வயசிலயே தெரிஞ்சிட்டுது. குளிசை மருந்து இருக்கு, ஒழுங்காப் போட்டா கனகாலம் இருப்பா. நீங்களும்தான்." பிறகு கேட்டார், "உங்களோட கூடப் பிறந்த ஆக்கள் வேற இருக்கினமோ?"

"இல்லீங்க."

"கொடகவெலயில அத்தை இருக்காங்க," என்றாள் கலா.

நான்கூட அத்தையைப் பற்றி டாக்டரிடம் சொல்லியிருக்கவில்லை. அத்தை மகளின் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பாவின் பெயரைப் போட மறந்துவிட்டார்கள். எட்டு வருடமாக அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. அத்தை பெயரை எடுத்தால் அவர் எழுந்து போய்விடுவார் என்பதால், சொல்லாமல் இருந்தே எங்களுக்கும் பழகிப்போயிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் சித்தப்பா ஊர்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பெல்மதுளையில் திடீரென்று எழுந்து இறங்கிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினோம். கொடகவெல பஸ் அங்கேதான் பிரிகிறது, இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கும்.

அத்தை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பாவைக் கண்டதும் விளக்குமாறு கையிலேயே நின்றுவிட்டது. எட்டு வருடம் கழித்துச் சித்தப்பா பேசிய முதல் வார்த்தை இது: "நாளைக்குக் காலையில ஒண்ணும் குடிக்காத. தேத்தண்ணியும் கூடாது."

"என்னாத்துக்கு?"

"ரத்தம் பாக்கணும்."

"இத்தன வருஷம் கழிச்சு வந்து இதத்தான் சொல்றீங்களா அண்ணே?"

"ஆமா. பெரியண்ணன் மாதிரி நீயும் போயிட்டா நா யாருகூட கோவிச்சிக்கிட்டு இருக்கிறது?"

அத்தை விளக்குமாறைப் போட்டுவிட்டு அழுதார். அழுதுகொண்டே கோழி பிடிக்கச் சொன்னார். அன்றிரவு எல்லாரும் அங்கேதான் தங்கினோம். காலையில் அத்தையையும் இரத்தினபுரிக்கு அழைத்துப் போனோம். அவருக்கு ஒன்றுமில்லை. இப்போது தினமும் சித்தப்பாவுக்குப் போன் எடுத்து, குளிசை போட்டாரா என்று அதிகாரமாகக் கேட்கிறார். அவரும் திட்டிக்கொண்டே போடுகிறார். கலா மருந்துப் பெட்டியை முன்பள்ளிப் பையில் வைத்திருக்கிறாள்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மழைக் காலத்தில் சப்பாத்து வேண்டாம், செருப்பே நல்லது. அட்டை ஏறினால் உடனே தெரியும். ரத்தம் கொடுக்க வருகிறவரைக் காலையில் தனியே விடாதீர்கள், கேள்வியில் "தேத்தண்ணி" என்ற சொல்லைக் கட்டாயம் சேருங்கள். குளிசையை யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. புறப்படுவதற்கு முன், உங்கள் குடும்பத்தில் யாரோடு யார் பேசுவதில்லை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். நான் கடைசியாகப் போனதால் வேலையில் ஒரு நாள் லீவு கூடுதலாகப் போட வேண்டியதாயிற்று. காரணம் கேட்ட மேலதிகாரியிடம், குடும்பத்தில் ஒரு விசேஷம் என்று சொன்னேன்.