வாழைக்காய்ச் சொதி

கடையில் காய் வாங்கும்போது நான் பொறுக்கி எடுப்பதில்லை. கடைக்காரர் கைக்கு வந்ததை அள்ளிப் போடுவார். வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால் பாதி முற்றலாக இருக்கும். எனக்கு இருக்கிற கூச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் அப்பா.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆழ்வார்குறிச்சியில் இருந்தோம். அப்பா ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் அம்பாசமுத்திரம் மார்க்கெட்டில் பீன்ஸை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து எடுத்திருக்கிறார். கடைக்காரர் அவர் கையில் இருந்ததைப் பிடுங்கிக் குவியலில் போட்டுவிட்டு, "ஒடிச்சு ஒடிச்சுப் பாக்கதுக்கு இது என்ன உம்ம வீட்டுப் புறவாசலா வே?" என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்பா வெறும் பையோடு வீட்டுக்கு வந்தார். பையை ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னார். "இனி இந்த வீட்டுக்குள்ள விலைக்கு வாங்குன காய் வரப்படாது."

ஒரு வாரத்தில் மறந்துவிடுவார் என்று அம்மா நினைத்தாள். அவர் மறக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் புறவாசலில் முன்பே கிணறும் மூன்று தென்னையும் ஒரு முருங்கையும் உண்டு. கிணற்றுக்கு அந்தப்பக்கம் முள்ளாகக் கிடந்த இடத்தை வெட்டித் திருத்தினார். வாழை வைத்தார். கத்தரி, வெண்டை, அவரை, புடலைப் பந்தல், பூசணி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வாழைக்குப் போகும்படி ஓடை கீறினார். மில்லுக்குப் போகும் முன்னும், வந்த பின்னும் மண்வெட்டியோடுதான் நிற்பார். சும்மா அதிகாரம் பண்ணினார் என்று சொன்னால் அது பொய்.

ஆனால் மண்வெட்டி பிடித்தது அவர், தண்ணீர் இறைத்தது நாங்கள். அம்மாவும் அக்காவும் நானும். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு அப்பா சொன்ன காரணம், "வீட்டுல ஆளு வேணும்லா." கிணற்றுக் கயிறு உள்ளங்கையை அறுத்து அறுத்து, அந்த இடம் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. இருந்த நல்ல பாவாடைகளில் எல்லாம் வாழைக்கறை. அது எதற்கும் போகாது.

பார்க்க வருகிறவர்கள் அப்பாவைப் புகழ்வார்கள். "அண்ணாச்சி, குடுத்து வச்சவரு வே நீரு. உப்பு மட்டும் வாங்குனா போதும் உமக்கு." அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும். வந்தவருக்கு ஒரு சீப்பு காய் வெட்டிக் கொடுப்பார். தோட்டம் தருவதைத்தான் தின்ன வேண்டும் என்றால், அது ஒன்றைத் தரும்போது அதை மட்டுமேதான் தரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. புடலை காய்த்தால் புடலைக் கூட்டு, புடலைப் பொரியல், மறுபடி புடலைக் கூட்டு. மழைக்காலத்தில் ஒன்றும் இல்லாதபோது வாழைக்காய். காலையில் இட்லிக்குக்கூட வாழைக்காய்த் துவையல் அரைத்தோம்.

அக்காவுக்கு டவுணில் இருந்து மாப்பிள்ளை அமைந்தது. ஜவுளிக் கடையில் வேலை. கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டாரே டவுணில் மண்டபம் பிடித்து நடத்தினார்கள். எங்கள் பொறுப்பு மறுநாள் பொண்ணு மாப்பிள்ளையை அழைத்துப் போடுகிற மறுவீட்டு விருந்து மட்டும்தான். மறுவீடு என்றால் எங்கள் பக்கத்தில் சொதி. தேங்காய்ப் பாலில் பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் போட்டுக் காய்ச்சுவது, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இதில் முருங்கைக்காய் தவிர மற்ற மூன்று காயும் எங்கள் மண்ணில் விளையாது.

அக்கா எதையும் கேட்கிறவள் இல்லை. நகை பற்றியும் பேசவில்லை, சேலை பற்றியும் பேசவில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, மறுவீட்டுச் சொதிக்கு மட்டும் காய் வாங்கிருங்கப்பா. நான் போய் இருக்கப் போற வீடு அது."

அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை கிழித்துக்கொண்டிருந்தார். "பாத்துக்கிடலாம்" என்றார். வாங்குவார் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கல்யாணம் முடிந்து, அக்காவை டவுணில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினோம். மறுநாள் விடியும்போதே சமையலுக்குத் தவசுப்பிள்ளை வந்துவிட்டார். அப்பா புறவாசலில் இருந்து ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து அவர் முன் இறக்கினார். வாழைக்காய், அவரைக்காய், பூசணி, முருங்கைக்காய்.

தவசுப்பிள்ளை பெட்டியைப் பார்த்தார். "இது அவியலுக்கு ஆச்சு அண்ணாச்சி. சொதிக்குக் காய் எங்க?"

"இதாம் வே."

"வெளையாடுதேளா? சொதியில வாழைக்காயா?"

"பாலு தேங்காப்பால்தான? பொறவு என்ன? நம்ம மரத்துத் தேங்கா, நம்ம காய். நம்ம வீட்டுக்கு வாரவன் நம்ம மண்ணுல வெளஞ்சதைத் திங்கட்டும்."

அம்மா கும்பிட்டே விட்டாள். "இன்னிக்கு ஒரு நாள் போதும். பிள்ளை வாயைத் தெறந்து கேட்டாள்லா. இப்பப் போனாக்கூட அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பிடிச்சு வாங்கிட்டு வந்திரலாம். நீங்க போவாண்டாம், இவளை அனுப்புதேன்."

"அவன்கிட்டப் போய் கையேந்தச் சொல்லுதியா?" என்றார் அப்பா. மார்க்கெட்டில் எத்தனையோ கடை இருந்தது. அவருக்கு அந்த ஒரு கடைதான் தெரிந்தது.

தவசுப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தேங்காயைத் துருவ ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு டவுணில் இருந்து வேன் வந்தது. மாப்பிள்ளையும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான்தான் சொதி விட்டேன். மாப்பிள்ளையின் அம்மா விரலால் சோற்றைக் கிளறினாள். இலையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். அவரைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, சொதியில் மிதந்த வாழைக்காய். செத்தவர்களுக்குக் கொடுக்கிற தெவசத்துக்குத்தான் எங்கள் பக்கத்தில் பீன்ஸ், கேரட் மாதிரி இங்கிலீஷ் காய் சேர்க்காமல் இப்படி நாட்டுக்காயாகச் சமைப்பார்கள்.

"என்ன மைனி," என்று அம்மாவைக் கூப்பிட்டாள். "நாங்க மறுவீட்டுக்கு வந்திருக்கமா, தெவசத்துக்கு வந்திருக்கமா?"

பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எள்ளுருண்டை உண்டுமா, கேளுங்க" என்று ஒரு குரல். அதற்குப் பெரிய சிரிப்பு. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா மட்டும் முன்னால் வந்து விளக்கம் சொன்னார். "எல்லாம் நம்ம தோட்டத்துக் காய். ஒரு பொட்டு மருந்து அடிக்கல. உங்க டவுணுல காசு குடுத்தாலும் கெடைக்காது." மாப்பிள்ளையின் அப்பா பாதிச் சோற்றோடு இலையை மடக்கிவிட்டார்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள். "எனக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடுட்டி" என்றாள். விட்டேன். அதையும் சாப்பிட்டாள்.

வேன் போனபிறகு அப்பா, "டவுண்காரனுக்கு நாக்கு செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார்.

அக்காவுக்கு அந்த வீட்டில் 'தெவச வீட்டுக்காரி' என்று பேர் விழுந்தது. மாமியார் வைத்த பேர். சமையலில் உப்புக் குறைந்தாலும், வாசல் தெளிக்கப் பிந்தினாலும் அந்தப் பேர்தான். தலைப்பிரசவத்துக்கு அழைக்கப் போனபோது, "அங்க போயி என்னத்தத் திங்கப் போறா, வாழைக்காயையா?" என்று சொல்லி அனுப்பவில்லை. எனக்கு வந்த ஒரு சம்பந்தமும் டவுண் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு அப்படியே நின்றது.

பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அக்கா வருவாள். வரும்போதெல்லாம் ஒரு பையில் பீன்ஸும் கேரட்டும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து அடுக்களையில் வைப்பாள். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். ஒருமுறை நான் அந்த பீன்ஸைப் பொரியல் பண்ணித் தின்று பார்த்தேன். அப்படி ஒன்றும் ருசி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சில வருஷம் கழித்து அப்பா வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார். பதினாறாம் நாள் விருந்துக்கு அதே தவசுப்பிள்ளை வந்தார். "காய் என்ன வாங்கணும் தாயி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வாங்கவேண்டாம்" என்றாள் அக்கா. "இன்னைக்கு வேண்டியது எல்லாம் புறவாசல்லயே இருக்கு." அந்த முறை அவள் கையில் பை கொண்டுவரவில்லை. அரிவாளை எடுத்துப் போய் அவளே குலையை வெட்டினாள். கறை சேலையில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

டவுணில் இருந்து மாமியாரும் வந்திருந்தாள். வாழைக்காய்க் கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். "காய் என்ன பதமா இருக்கு. எங்கன வாங்குனிய?"

அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. "நீங்க முன்னயே தின்ன காய்தான் அத்தை. அன்னைக்கு நாள்தான் தப்பிப்போச்சு."

அக்கா அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அப்பா அங்கே இருந்திருந்தால் காயைப் புகழ்ந்தது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.