பறியைக் கடித்திருந்த அம்மாள்

அவர் பெயரை நான் கேட்கவில்லை. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பாதியைப் பறி மறைத்திருந்தது. கரையில் நான் என் மகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

முந்தைய நாள் அவள் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தை, ஒரு கம்பெனியில் விண்ணப்பங்களைச் சலிக்கும் மெஷின் நான்கே நிமிடத்தில் நிராகரித்திருந்தது. நான்கு வருடப் படிப்புக்கு நான்கே நிமிடம். இணையத்தில் தன்னை ஒரு பிராண்டாகக் காட்டிக்கொண்டால்தான் வேலை கிடைக்கும் என்றார்கள். அதற்குத்தான் அந்த வெயிலில் கோட்டு, தன்னம்பிக்கைப் புன்னகை எல்லாம். இருபது படம் எடுத்தும் புன்னகை மட்டும் சரியாக வரவில்லை.

அந்த அம்மாள் நிமிர்ந்து, பறியை வாயிலிருந்து எடுத்தார்.

“இன்னா நைனா, பொண்ணு பாக்க வராங்களா?”

“இல்லம்மா, வேலைக்கு. மொதல்ல மெஷின்தான் பாக்குமாம்.”

அவர் மகளை உற்றுப் பார்த்தார். “நானாவது பறிய கடிச்சிகினு கீறேன். நீ இன்னாத்த கண்ணு கடிச்சிகினு கீற?”

மகள் சிரித்துவிட்டாள். அந்த நொடியில் படத்தை எடுத்துவிட்டேன். அவர் மறுபடியும் பறியைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

அந்தப் படத்தைத்தான் மகள் இணையத்தில் போட்டாள். எந்த மெஷினிடமிருந்தும் இன்னும் பதில் வரவில்லை. எனக்கோ இப்போது கூடுதலாக ஒரு கவலை: எங்களிடம் பேசப் பறியை எடுத்த அந்த நேரத்தில், அவர் காலடியில் எத்தனை இறால் தப்பியிருக்கும்?