சத்தம் போட வராத சூப்பர்வைசர்

பனியன் கம்பெனியில் சூப்பர்வைசருக்கு உட்கார நாற்காலி கிடையாது என்பதை, வேலைக்குச் சேருகிற வரைக்கும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். தொண்ணூறுகளில் திருப்பூரில் தையல் மிஷின் வரிசைகளுக்கு நடுவே லைனுக்கு லைன் நடந்து கால் வீங்கினவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

மாடி ரூம்

துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு, சூப்பர்வைசர் ராசண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார், இனி இந்த லைனை நீ பார் என்றார் முதலாளி. மூணு மாசம் பார்ப்பாராம். சரிப்படாவிட்டால் பழையபடி மிஷினுக்கே. எனக்கோ சின்ன வயசிலிருந்து நாலு பேரைச் சேர்த்து வைத்து வேலையை முடிப்பதென்றால் அப்படி ஒரு ஆசை. சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி பரிமாற யார் யார் எங்கே நிற்பது என்று சொல்வதே நான்தான். இந்த வேலை கையைவிட்டுப் போய்விடக்கூடாதே என்று அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது.

இதில் ஒரு கஷ்டம் என்னவென்றால், முதலாளி மாடி ரூமில் உட்கார்ந்து காதால்தான் கம்பெனி நடத்துவார். ராசண்ணன் போடுகிற சத்தம் மாடிக்குக் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் நானும் லைன் நடுவில் நின்று, "சீக்கிரம் ஆகட்டும்" என்று கத்தினேன். பாதியிலேயே குரல் கம்மிவிட்டது. பக்கத்து மிஷினில் இருந்த பழனாத்தாக்கா தையலை நிறுத்திப்போட்டு என்னைப் பார்த்து, "ஏனம்மணி, தொண்டை கட்டிக்கிச்சா? மிளகு தட்டிப் போட்டுக் கசாயம் வெச்சுக் குடி" என்றார்.

ஒத்திகை

குரல்தான் குறை என்றால் பழகிக்கொண்டால் போச்சு என்று முடிவு செய்தேன். காலையில் சோறு வடிக்கிறபோதே ஆரம்பித்துவிடுவேன். "இதென்ன தையலா, கோணி மூட்டறயா?" "பேச்சு ஊட்ல போய்ப் பேசு." எல்லாம் ராசண்ணன் சொன்னவைதான், எனக்குச் சொந்தமாக ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, அடுப்போட உனக்கு என்ன சண்டை?" என்றார்.

வேஸ்ட் சாக்கு

பழகப் பழகக் கத்தவும் வந்துவிட்டது. மாடிக்குக் கேட்டிருக்கும். அந்த வாரம் லைனில் ஒரு டேமேஜ் பீஸ்கூட வரவில்லை. அட, நமக்கும் இந்த வேலை வருதே என்று எனக்கே பெருமை. அப்புறம் செக்கிங்கில் இருந்து ஆள் வந்தது: கட்டிங்கில் இருந்து கொடுத்ததுக்கும் தைத்து வந்ததுக்கும் கணக்கு ஒத்து வரவில்லை, பீஸ் குறைகிறது.

எங்கே போயிருக்கும் என்று தேடாத இடமில்லை. கடைசியில் துணி வெட்டின துண்டுகளைப் போடுகிற வேஸ்ட் சாக்கை லைனில் என்னோடு தைத்துக்கொண்டிருந்த மணியின் மிஷினுக்கு அடியிலிருந்து இழுத்துக் கொட்டினால், பனியன் கையைத் தப்பாக வைத்துத் தைத்த பீஸ்களெல்லாம் பந்து பந்தாகச் சுருட்டிக் கிடக்கின்றன. இது மாடிக்குத் தெரிந்தால் என் வேலை போக மூணு மாசம்கூட ஆகாது. மணி ஒன்றும் புதுசாகச் சேர்ந்தவரில்லை, பிள்ளை குட்டிக்காரர். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "தப்பாத் தெச்சா முன்னெல்லாம், நீங்க மிஷின்ல இருக்கறப்ப, உங்ககிட்டதானுங்க்கா கொண்டாந்து குடுப்பேன். இப்ப வைவீங்கன்னு பயந்து சாக்குல போட்டுபோட்டேனுங்க."

நாத்தனார் மிஷின்

அன்றோடு கத்துவதை நிறுத்திவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்ற தைரியமெல்லாம் இல்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கத்தினால் இன்னும் சீக்கிரம் போகும் என்று தெரிந்துவிட்டது.

எனக்கு வருவதைச் செய்தேன். இத்தனை வருஷம் இவர்களோடு உட்கார்ந்து தைத்ததில் யார் எப்படி என்று எனக்குத் தெரியும். கறுப்புத் துணி வந்தால் பழனாத்தாக்காவுக்குக் கண் தெரியாது, அவரை ஜன்னல் பக்கம் மாற்றினேன். சரஸ்வதியும் அவள் நாத்தனாரும் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். அடுத்தடுத்த மிஷின். இவள் தைத்த துணிக் கட்டை அவள் கையில் கொடுக்க மாட்டாள், கீழே வைப்பாள். அவளும் குனிந்து எடுக்க மாட்டாள். லைன் முழுக்க அங்கேதான் தேங்கி நின்றிருக்கிறது. ராசண்ணன் எத்தனை கத்தியும் நகராதது அதனால்தான். நடுவில் மணியைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். சாயங்காலம் சரஸ்வதி வந்து, "அவ மூஞ்சியப் பாக்காம தெச்சா கை தானா ஓடுதுங்க்கா" என்றாள்.

ஷிப்மெண்ட் நாள்

மூணாவது மாசக் கடைசியில் ஷிப்மெண்ட், தைத்த சரக்கெல்லாம் லாரியேறும் நாள். மத்தியானம் முதலாளி மாடியிலிருந்து விடுவிடுவென்று இறங்கி வந்தார். என் பழைய மிஷினில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பிவிட்டுத்தான் நான் உட்கார வேண்டுமோ என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சத்தத்தையே காணோம், வேலை நடக்குதா இல்லையா?" என்றார். பேக்கிங் பக்கம் கையைக் காட்டினேன். பெட்டியெல்லாம் கட்டி, லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சுற்றி வந்து பார்த்தார். "முடிஞ்சிருக்குது. ஆனா நீ என்ன செஞ்சேன்னு எனக்கு வெளங்கலியே" என்றார். ஜன்னல் பக்கத்திலிருந்து பழனாத்தாக்காதான் சொன்னார்: "இந்தப் புள்ள எங்களையெல்லாம் அவிகவிக எடத்துல உக்கார வெச்சுதுங்க. அதுக்கு எடம் எதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

முதலாளி மாடிப்படி வரைக்கும் போய்த் திரும்பி நின்றார். "செரி, இந்த லைனை நீயே பாரு அம்மணி. ஆனா அப்பப்ப ரெண்டு சத்தம் போட்டுரு, மேல எனக்கு நெஞ்சு படபடங்குது."

அன்றிலிருந்து தினமும் டீ வந்ததும் காலிப் பெட்டிகளைப் பார்த்து மாடிக்குக் கேட்கிற மாதிரி நாலு வசவு வைதுவிட்டு, அப்புறம்தான் நான் என் வேலையைப் பார்ப்பேன்.