கீழே விழுந்த புத்தகமும் மத்தீஸ் கீசினின் உதடும்

பாலாடைக்கட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த காகிதத்தை மட்டும் நான்காக மடித்து மேலங்கிக்குள் செருகிக்கொள்கிறார் மத்தீஸ் கீசின். பாசல் நகரத்து மீன் சந்தையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது இது நடக்கும்.

"உங்களுக்குக் கட்டி வேணுமா, காயிதம் வேணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்கிறாள் கடைக்காரி பார்பெல்.

"காயிதந்தாம்மா. கட்டிய வேற எதுலயாவது சுத்திக்க. இது எரேமியா தீர்க்கதரிசி."

"எந்தத் தீர்க்கதரிசியா இருந்தா எனக்கென்ன? நெய் ஊறாம இருந்தாச் சரி."

அச்சகத்தில் கெட்டுப்போன தாள்கள் எங்கள் ஊரில் சந்தைக்குத்தான் போகும். லத்தீன் தாளில் வெண்ணெய், ஜெர்மன் தாளில் உப்பு மீன் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கதி உண்டு. மத்தீஸுக்கு அதில் வருத்தமில்லை. எபிரேயத் தாளில் மீன் வால் தெரிந்தால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது. "கடவுள் பேசின பாஷைங்க. அது தரையில கிடக்கலாமா?" என்பார். இப்படி மீட்டுக்கொண்டு வந்த தாள்கள் அவர் வீட்டு மாவுப் பெட்டியில் நிறைந்து கிடக்கின்றன. மாவு எங்கே இருக்கிறது என்று அவர் மனைவி வெரேனாவைக் கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டு, அந்த வீட்டுப் பணியாரம் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தேவாலய மெழுகுவத்தி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்து, மேல்பாதியில் வளைந்திருப்பார். ரைன் நதிக்கரை அச்சகமொன்றில் எபிரேயப் பகுதிக்குப் பிழை திருத்துவது வேலை. எபிரேயத்தைத் தானாகவே, ஒரு பழைய இலக்கண நூலை வைத்துக்கொண்டு, இருபது வருடம் கற்றவர். வாய்விட்டு யாரும் படித்துக் கேட்டதில்லை. ஆகையால் முதன்முதலாக அவர் எபிரேயத்தை உரக்கப் படித்தபோது, அறையிலிருந்த ஒரே யூதர் எழுந்து, யாருக்கோ வலிப்பு வந்துவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தாராம்.

அந்த யூதர் லெம்லின். யூதர் எவரும் எங்கள் ஊருக்குள் இரவு தங்கக் கூடாது என்பது சட்டம். எனவே லெம்லின் ஆல்ஷ்வில் கிராமத்திலிருந்து தினமும் காலையில் அனுமதிச் சீட்டோடு கோட்டை வாசலுக்கு வருவார். மாலையில் வாசல் சாத்துமுன் போய்விடுவார். எங்கள் ஊர்க் கடிகாரங்கள் மற்ற ஊர்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுபவை என்பதால், ஆறு மணிக்குக் கிளம்பி, ஒரு மணி நேரம் நடந்து, எட்டு மணிக்கு வந்துசேர்வார். "உங்க ஊருக்குள்ள கால் வெச்சாலே ஒரு மணி நேரம் கிழவனாயிடறேன்" என்று பதினொரு வருடமாகச் சொல்கிறார். மத்தீஸ் பதினொரு வருடமாகச் சிரிக்கிறார்.

லெம்லின் மூலத்தை உரக்கப் படிப்பார். மத்தீஸ் அச்சுத்தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். இடையில் சாப்பாட்டு நேரம். அப்போதுதான் மத்தீஸின் புத்தக அறிவுக்குக் கொம்பு முளைக்கும்.

"லெம்லின், இறைச்சி சாப்பிட்டா எவ்வளவு நேரம் கழிச்சுப் பால் குடிப்பீங்க?"

"தாகம் எடுக்கிறப்போ."

"உங்க சட்டப்படி ஆறு மணி நேரம்னு புத்தகத்துல இருக்கே!"

"அந்தப் புத்தகம் எழுதினவரு எங்கம்மா வீட்டுச் சாப்பாட்டப் பாத்ததில்ல ஐயா. அவ போடற இறைச்சியில ஆறு மணி நேரத்துக்கு ஏதும் இருக்காது."

மத்தீஸ் அதையும் குறித்துக்கொள்வார். அவர் பையில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. லெம்லினைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவதற்கான பதினேழு நியாயங்கள். லெம்லின் வேலைக்குச் சேர்ந்த வாரமே எழுதியது. பேசலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு தாள் அச்சுக்குக் காத்திருக்கும். இப்போது அந்தக் குறிப்பின் பின்பக்கம் முழுக்க அச்சுப் பிழைகளின் பட்டியல். முன்பக்கத்திலும் ஓரங்கள் நிறைந்துவிட்டன.

அவருடைய உதட்டுக்கு வருகிறேன். முதல் வருடம் ஒருநாள் லெம்லினின் கையிலிருந்து ஒரு புத்தகம் நழுவி விழுந்தது. லெம்லின் அதை எடுத்தார், முத்தமிட்டார், மேசையில் வைத்தார். வேதப் புத்தகம் விழுந்தால் அவர்கள் வீட்டுக் குழந்தைகூட அப்படித்தான் செய்யும். மத்தீஸ் அன்று முழுக்க ஒரு வரியும் திருத்தவில்லை. "இருபது வருஷமாப் படிக்கிறேன் வெரேனா. புத்தகத்துக்கு அடிபடும்னு எனக்குத் தோணவேயில்ல" என்று வீட்டில் வந்து சொன்னாராம்.

மறுநாளிலிருந்து எது விழுந்தாலும் எடுத்து முத்தம். அச்சகத்தில் விழுவதெல்லாம் ஈரத் தாள், காயாத மை. ஆகையால் அவர் உதடு எப்போதும் கறுப்பு. அன்றைய வசனத்தை அவர் வாயிலேயே வாசிக்கலாம் என்பார்கள் எழுத்துக் கோப்பவர்கள். இடவலம் மாறித்தான் தெரியும், ஆனால் எபிரேயம் படிக்கத் தெரியாதவர்களுக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தால் என்ன? அவர் மீசையை மூன்று நாள் உற்றுப் பார்த்தே ஒரு மாணவன் பரீட்சை தேறியதாக ஒரு கதை உண்டு. நான் அதை நம்புகிறேன். தினமும் மதியம் வாசற்படியில் நின்று வெரேனா மேலாடை நுனியை எச்சில் தொட்டு அவர் உதட்டைத் துடைப்பது, எதிர் வீட்டுச் சன்னலிலிருந்து நான் பார்க்கும் காட்சிகளில் ஒன்று.

பழக்கத்துக்குப் பாஷை பேதம் கிடையாது. நாளடைவில் ஜெர்மன் புத்தகம் விழுந்தாலும் முத்தமிட ஆரம்பித்தார். இந்தப் பனிக்காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய தேவாலயத்தில், முன்வரிசைப் பெண் ஒருத்தியின் மடியிலிருந்து சங்கீதப் புத்தகம் சரிந்தது. மத்தீஸ் குனிந்தார், எடுத்தார், முத்தமிட்டார், பணிவாக நீட்டினார். அவள் முகம் ரோஜாவாகிவிட்டது. அவள் உதவிப் போதகர் நெஃப்பின் மனைவி.

ஒருவன் உங்கள் மனைவியின் புத்தகத்தைச் சபை நடுவில் முத்தமிட்டால், அதற்கு இரண்டு விளக்கங்கள்தான் இருக்க முடியும். நெஃப் தனக்கு வலிக்காததைத் தேர்ந்துகொண்டார். 'கீசின் யூதனாக மாறிக்கொண்டிருக்கிறான்' என்று திருச்சபை மன்றத்துக்கு எழுதிப் போட்டார்.

விசாரணைக்கு எட்டு நாள் தவணை. குற்றம் உறுதியானால் மத்தீஸுக்கு வேலை போகும். லெம்லினின் அனுமதிச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். நான்கு வருடமாக இருவரும் அச்சிட்டுவரும் பெரிய எபிரேய வேதாகமம் எரேமியாவோடு பாதியில் நின்றுவிடும். நெஃப் விசாரணையில் ஒரு புத்தகத்தைக் கீழே தள்ளிவிட்டுப் பார்க்கப்போகிறார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நெஃப்பே பெருமை தாங்காமல் ரொட்டிக் கடையில் சொல்லிவிட்டார்.

வெரேனா பயிற்சியில் இறங்கினாள். சூப் குடிக்கும்போது ஒரு புத்தகம் விழும். தாடி மழிக்கும்போது ஒன்று. மத்தீஸ் ஒவ்வொன்றையும் எடுத்து முத்தமிட்டார். மூன்றாம் நாள் அவள் பழைய பஞ்சாங்கத்தின் அட்டையில் கடுகு விழுதைப் பூசிப் போட்டாள். முத்தமிட்டார். நாக்கைச் சுழற்றி, "வினிகர் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

"இங்க பாருங்க, வேலை போயிடும்!"

"தெரியும்டி. மனசு கேக்குது. உதடு கேக்க மாட்டேங்குதே."

அச்சகத்தில் லெம்லின் வழக்கத்தைவிட மெதுவாகப் படித்தார். ஏழாம் நாள் மூலத்தை மூடி வைத்தார்.

"நான் அதை உங்க முன்னால செஞ்சிருக்கக் கூடாது ஐயா. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு, யாரும் பாக்கலைன்னா முத்தங்கித்தமெல்லாம் கிடையாது. நீங்க ஏன் இப்படி?"

"அப்போ அது தரையிலயே கிடக்கட்டும்கிறீங்களா?"

"ஒரு அரை மணி நேரம் கிடக்கட்டும். கைமேல உக்காந்துக்குங்க. புத்தகம் மன்னிச்சுடும்."

"அப்படி எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதல. நான் சொல்றேன்." பிறகு, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எனக்கு வீட்டுல ஆறு பேரு ஐயா" என்றார்.

மத்தீஸ் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

விசாரணை நடந்த மண்டபத்தில் வெளியாருக்கு அனுமதியில்லை. ஆனால் அதைச் சூடாக்கும் ஓட்டுக் கணப்புக்கு வெளித் தாழ்வாரத்திலிருந்துதான் விறகு போட வேண்டும். விறகு போடும் ஊர்சுலாவுக்கு முதுகு வலி என்று உதவப் போனேன். தனக்கு முதுகு வலி என்பது ஊர்சுலாவுக்கே அன்றுதான் தெரிந்தது. கணப்பை ஒட்டிய கதவில் விரல் அகலத்துக்கு ஒரு விரிசல். இரண்டு கட்டை போட்டேன். மற்ற நேரமெல்லாம் அந்த விரிசலோடுதான்.

நடுவில் தலைமைப் போதகர் குர்ட்லர். எண்பது வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டது. இளவயதில் பிராகு நகரத்தில் எபிரேயம் படித்து வந்தவர், நாற்பது வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர். பக்கத்தில் நெஃப். எதிரில் மத்தீஸ். வெரேனா தேய்த்த தேய்ப்பில் உதடு குழந்தையின் உதடு மாதிரி சிவந்திருந்தது.

"பதினொரு வருடம் ஒரு யூதனோடு உட்கார்ந்திருக்கிறீரே, ஒருமுறையாவது அவனுக்குச் சுவிசேஷம் சொன்னீரா?" என்று பிரசங்க பீடத்துக் குரலில் ஆரம்பித்தார் நெஃப்.

"செவ்வாக்கிழமை சொல்லலாம்னு இருந்தேங்கய்யா."

"எந்தச் செவ்வாய்க்கிழமை?"

"அப்போ ஏசாயா அச்சுல இருந்துச்சு."

நெஃப் இருமினார். அவர் முழங்கை நகர்ந்தது. மேசை ஓரத்தில் வைத்திருந்த கனத்த எபிரேய வேதாகமம் தடாலென்று விழுந்தது. முகம் கவிழ்ந்து, தாள்கள் மடங்கி, முதுகு மேலே தெரியக் கிடந்தது. கணப்புப் பக்கம் ஊர்சுலா ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டாள்.

மத்தீஸின் தோள்கள் முன்னால் போயின. நின்றன. அவர் மெல்ல இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி நேரம் கேள்விகள். திரித்துவம் உண்டா? உண்டு. மேசியா வந்துவிட்டாரா? வந்துவிட்டார். பன்றி இறைச்சி தின்பீரா? தின்பேன், தொடைப் பகுதி பிடிக்கும். எல்லாவற்றுக்கும் சரியான பதில். ஆனால் ஒரு பதிலைக்கூட அவர் நெஃப்பைப் பார்த்துச் சொல்லவில்லை. கீழே கிடந்த புத்தகத்தைப் பார்த்தே சொன்னார். மடங்கிய தாளொன்று தானே நிமிர்ந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டார். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. இரண்டு கட்டை விறகுக்கு அவ்வளவு வேர்வை வராது.

"வேறு கேள்வி உண்டா நெஃப்?" என்றார் தலைமைப் போதகர்.

நெஃப் புத்தகத்தைப் பார்த்தார், மத்தீஸைப் பார்த்தார். "இல்லை" என்றார்.

மத்தீஸ்மேல் குற்றமில்லை என்றும், லெம்லினுக்கு இன்னும் ஒரு வருடம் அனுமதி என்றும் எழுதிக் கையெழுத்தாயிற்று. எல்லோரும் எழுந்தார்கள். மத்தீஸ் மட்டும் எழவில்லை. கைகள் மரத்துப்போயிருக்க வேண்டும். அப்போது தலைமைப் போதகர் மேசையைச் சுற்றி வந்தார். முழங்கால் சொடக்கிட்ட சத்தம் எனக்கே கேட்டது. குனிந்து புத்தகத்தை எடுத்தார், மடங்கிய தாள்களை நீவிவிட்டார். நீவிக்கொண்டே, வேறெதையோ யோசிக்கிறவர் மாதிரி, அதை உதட்டுக்கு நேராக உயர்த்தினார்.

பாதியில் நின்றுவிட்டார். நெஃப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தீஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

குர்ட்லர் உதட்டைக் குவித்து, அட்டையின்மேல் "ஃபூ" என்று ஊதினார்.

"தூசு" என்றார்.

மறுநாள் காலை கோட்டை வாசல் திறக்கும்போதே லெம்லின் நின்றிருந்தார். அச்சகத்தில் எரேமியா தொடர்ந்தது. காயவைக்கும் கொடியிலிருந்து ஒரு ஈரத் தாள் நழுவி விழ, இருவரும் ஒன்றாகக் குனிந்தார்களாம். லெம்லின் முந்திக்கொண்டு எடுத்து, முத்தமிடாமலே மேசையில் வைத்துவிட்டு, வாசல் பக்கம் பார்த்தார். மத்தீஸ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். "என்ன பண்றீங்க?" என்று லெம்லின் கேட்டதற்கு, "தூசுங்க" என்றாராம். தண்ணீர் சொட்டும் தாளில் ஏது தூசு என்று எழுத்துக் கோப்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மதியம் சாப்பாட்டுக்கு வந்த மத்தீஸின் உதடு கறுப்பு. வெரேனா மேலாடை நுனியை எச்சில் தொட்டுக்கொண்டு வாசற்படிக்கு ஓடிவந்தாள். அவர் அவளுக்கு முகத்தை நீட்டப்போனவர், எதிர்ச் சன்னலில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, உதட்டைக் குவித்து, என்னை நோக்கி மெதுவாக ஊதினார்.