இரண்டாயிரத்து ஐந்நூறு சைஸ் ரீல்

கணவர் காரணமில்லாமல் கனிவாகப் பேசினால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். மராத்தி ஊரான வானவடிக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் என் தூண்டில் சாமானை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. கொங்கண் கரைக்கு என்னை வண்டியில் கூட்டிப்போவார். நான் கழிமுகத்தில் நின்று மீன் பிடிப்பேன், அவர் காரில் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையில் காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “காடிக்கெல்லாம் ரெண்டாயிரத்து ஐநூறு சைஸ் ரீல்தான் கரெக்டாம்லா?”

காடி என்பது கழிமுகத்துக்கு மராத்திக்காரர்கள் சொல்லும் பெயர். அதை அவர் எந்த யூடியூபில் பிடித்தாரோ. இவருக்கு எதற்கு என் தூண்டில் கம்பில் நூல் சுற்றும் ரீலின் சைஸ்?

அதற்குச் சில மாதம் முன்பு, மழைக்காலம் முடிந்த சமயம், படகுத்துறைப் படியில் பாசி வழுக்கி விழுந்தேன். கம்பும் ரீலும் தண்ணீரோடு போயின. வலது மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் என்னிடம் “பஹுத் அச்சா”, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சிரித்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நம் வீடுகளின் வழக்கம் எனக்குத் தெரியாதா? நோயாளிக்கு நல்ல சேதி, கூட வந்தவருக்கு உண்மைச் சேதி. மாமனாருக்குப் புற்று என்பது வீட்டுக்கே தெரியும், அவருக்கு மட்டும் கடைசிவரை அது அல்சர்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமில்ல. பில்லு விஷயம்.”

பில்லை ஏற்கெனவே கட்டியாயிற்று. அன்றிலிருந்து வீட்டில் சில காரியங்கள் தாமாக நடந்தன. பெரிய குக்கர் பரணுக்குப் போய்ச் சின்னது அடுப்புக்கு வந்தது. ஸ்கூட்டர் சாவி அவர் சட்டைப்பையில் குடியேறியது. கேட்டால், “சும்மாத்தான்” என்பார். இந்தக் கை இனித் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டாரோ? அந்தப் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் வீட்டில் இவருக்கும் நாள் முழுக்கப் பதில் சொல்கிறேன். யாருக்கும் பதில் சொல்லாமல் நான் செய்கிற ஒரே காரியம் தூண்டில் வீசுவது. அதையும் விட்டுவிட்டால் நான் என்னத்துக்கு?

ரீல் விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். எண் ஏற ஏற ரீல் பெரிதாகும், கனமும் கூடும். ஆயிரம் சைஸ் கைக்கடக்கமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் பெரிய கொடுவா மீன் இழுத்தால் திணறும். நாலாயிரம் கடற்கரையில் நின்று தூரத்துக்கு வீசுகிறவர்களுக்கு. மெல்லிய கம்பு, மெல்லிய நூல், கிழங்கான் மாதிரி மீன் என்றால் நடுவில் உள்ள இரண்டாயிரத்து ஐந்நூறுதான் பொருந்தும். இந்த எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் இரண்டாயிரத்து ஐந்நூறு இன்னொரு கம்பெனியின் மூவாயிரத்துக்குச் சமம். எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இவ்வளவும் தெரிந்த நான் பழைய கம்பில் நாலாயிரத்தை மாட்டித்தான் வருஷக்கணக்காக வீசினேன். கை தாங்கியது, வீசினேன்.

புதுக் கம்பும் ரீலும் வாங்க, கேம்ப் பக்கம் உள்ள தூண்டில் கடைக்குப் போனோம். கம்பை எடுத்துவிட்டு, ரீலுக்கு நான் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தேன். கணவர் தூண்டில் முட்களை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய முள்ளுக்கும் சின்ன முள்ளுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்! இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

“சார் ஹசார்வாலா திகாவோ,” என்றேன். நாலாயிரத்தைக் காட்டு.

“மேடம், காடி கே லியே படா ஹோ ஜாயேகா.” பெரிதாகிவிடுமாம்.

“ஹோனே தோ,” ஆகட்டும் என்று அதையே கட்டித்தரச் சொன்னேன். கணவர் மறுக்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அடுத்த வாரம் மலைப்பாதையில் இறங்கிக் கழிமுகத்துக்குப் போனோம். கடல் ஏற்றம் தொடங்கிய நேரம், தண்ணீர் மண்ணைக் கலக்கிக்கொண்டு உள்ளே வந்தது. முதல் வீச்சு நன்றாக விழுந்தது. நாலைந்து வீச்சுக்குப் பிறகு கம்பின் அடிப்பக்கம் கல்லைக் கட்டியதுபோல் கனத்தது. மணிக்கட்டில் தகடு இருக்கும் இடத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. அப்போது பார்த்து ஒரு மீன் இழுத்தது. கம்பை நிமிர்த்த முடியவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டு பார்த்தேன். நூல் தளர்ந்தது, மீன் போய்விட்டது.

திரும்பினால் கணவர் பின்னால் நிற்கிறார். தூங்கவில்லை. காரை விட்டு எப்போது இறங்கினாரோ.

“தண்ணி எடுத்துட்டு வாரேன்,” என்று நானே காருக்குப் போனேன். அழுகையை அவருக்குக் காட்ட இஷ்டமில்லை. டிக்கியில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், போர்வைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதே கடை. உள்ளே இரண்டாயிரத்து ஐந்நூறு.

பெட்டியோடு வந்து அவர் முன்னால் நின்றேன். “டாக்டர் ஒங்ககிட்ட தனியா என்ன சொன்னாரு?”

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பழையபடி முழுசா வராதுன்னாரு. பாரம் தூக்கக் கூடாதுன்னாரு.”

“என்னைக்கு?”

“கட்டுப் பிரிச்ச அன்னைக்கு. ஒங்கிட்ட இப்பச் சொல்லவேண்டாம், நீ மனசு விட்ருவன்னு அவருதான்...”

“என் கைதானங்க அது?”

ரீலைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் பிடித்திருப்பேன். என் கைக்காகத்தான் என்பதை மறைத்து, காடிக்குச் சரியான ரீல் என்று காட்டியே இவர் என்னை ஏமாற்றியிருந்தார். கோபம் ஆறவில்லை. ஆனாலும் பெட்டியைப் பிரித்துக் கம்பில் மாட்டினேன். ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்துத் தாங்கினேன், கம்பு சாயாமல் நின்றது. இருட்டும்வரை வீசினேன். மூன்று வீச்சுக்கு ஒருமுறை கையை இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

அடுத்து டாக்டரிடம் போனபோது கணவரும் நாற்காலியை விட்டு எழுந்தார். “நீங்க இருங்க,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என் கையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்து, வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா என்று இந்தியில் கேட்டார்.

“மை ஆயி ஹூன்,” என்றேன். நான் வந்திருக்கிறேன்.