வெள்ளி திருடிய மொரேல்

புதுச்சேரி உப்பளத்து அகஸ்டினா மொரேல் இருபது வருடமாக மாதா கோயில் சாவியை வைத்திருந்தவர். பாரிசிலிருந்து கோயில் நூற்றாண்டு மலருக்கு நான் எழுதிய கட்டுரையால் அந்தப் பொறுப்பு போயிற்று. பழைய வழக்குப் பதிவொன்றில், வெள்ளி திருடிச் சிறை சென்ற ஒரு மொரேல் இருந்தார். அவரை அகஸ்டினாவின் தாத்தா என்று எழுதிவிட்டேன்.

"திருடன் பேத்திகிட்டயா சாவி?" என்று கோயில் பங்கு மக்கள் சிரித்தார்களாம். அகஸ்டினாவே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்க ஊருக்கு வந்தேன்.

"பிரெஞ்சுக்காரன் காலத்துல நம்ம சனங்க பிரெஞ்சுப் பேரு வெச்சிக்கிட்டப்போ அவங்கவங்க புடிச்சத வெச்சிக்கிட்டாங்க, தம்பி. பேரு ஒண்ணுன்னா வூடும் ஒண்ணா?" என்றார் அகஸ்டினா. "நீயும் மொரேல்தான. உன் தாத்தான்னு ஏன் எழுதல?"

அந்தத் திருடரை என் குடும்பத்தோடு இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில் தவறை ஒப்புக்கொண்டேன். அந்தத் திருடர் எங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.